மொட்டைமாடிக் குடையும் உன் கல்யாண மேடையும்

நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது உன் குரலில் ஒரு குறையும் இல்லை. மண்டபத்துக்கு ஏ.சி. உண்டு, பந்தியில் கடம்பூர் போளி உண்டு, மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்.இ.டி. திரை உண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். அப்புறம் பேச்சோடு பேச்சாக, குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்வது போல, இதையும் சொன்னாய்: "அம்மா, மேடையில பெரியப்பாவும் பெரியம்மாவும் உக்காரட்டும்மா. பொண்ணு வீட்டுல அப்படிப் பிரியப்படுதாங்க. நீ முன் வரிசையில நல்லா சாஞ்சு உக்காந்துக்கோ. திரையில எல்லாம் தெளிவாத் தெரியும்." நான் சரி என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். போனை வைத்தேன். அந்தச் "சரி"யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுச் சண்டையை ஏன் ஊர் படிக்க எழுத வேண்டும் என்று கேட்பாய். புருஷன் செத்த பெண்ணை ஓரங்கட்டுகிற வேலை இந்த ஊரில் எப்போதும் காதோடு காதாகத்தான் நடக்கிறது. யாரும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. "அவங்களுக்கே தெரியும்" என்பார்கள். "அவங்களே ஒதுங்கிக்கிடுவாங்க" என்பார்கள். ஒதுக்கிய ஆள் யார் என்று கடைசிவரை தெரியாது, ஒதுங்கியவள் மட்டும் தெரிவாள். அதனால் இந்த ஒரு தடவை இது சத்தமாகவே நடக்கட்டும். உன்னைப் போல நல்ல வேலையில், நல்ல சட்டையில், நல்ல மனசோடு இதையே செய்கிற மகன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

திரையில் பார்க்கச் சொன்னாயே, யாரிடம் சொன்னோம் என்பது உனக்குத் தெரியாது. நான் சொல்லப்போகிற காலத்தில் நீ டவுசர்கூடப் போடாமல் திரிந்தவன். திரையில் படத்தை வரவைப்பதற்காக வெயிலில் நின்று கறுத்தவள் நான். அந்தக் கதையை உன் பெரியப்பா உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார், "உங்க அப்பனுக்கு அப்போ ஒரு கிறுக்கு" என்று. கிறுக்கு உன் அப்பாவுக்கு மட்டும் இல்லை. பாதி எனக்கு.

உன் அப்பா ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரீசியன். மில் விட்டு வந்தால் அவருக்கு வேறு வேலை. அந்தக் காலத்தில் நம் பக்கம் டிவி வைத்திருந்த வீடுகளில் எல்லாம் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, இலங்கை டிவி பார்ப்பார்கள். அவருக்கு அது போதவில்லை. வானத்தில் சாட்டிலைட்டுகள் நிற்கின்றன, அவற்றிலிருந்து ஏதேதோ தேசத்துப் படங்கள் யார் தலை என்று பார்க்காமல் எல்லார் தலையிலும் விழுந்துகொண்டே இருக்கின்றன, நாம்தான் ஏந்திக்கொள்ளவில்லை என்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து சொன்னார். யார் தலை என்று பார்க்காமல் விழுகிறது என்ற பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் ஊரில் குழாய்த் தண்ணீர்கூட அப்படி விழுவதில்லை.

வெல்டிங் பட்டறையில் கம்பிகளை வளைத்து, அவற்றின் மேல் அலுமினிய வலையைக் கட்டி, ஆள் படுத்துக்கொள்ளலாம் போல ஒரு பெரிய கிண்ணம் செய்தார். ஊரில் அதற்குக் குடை என்று பெயர். நடுவில் மூன்று கால்கள் கூடுகிற இடத்தில் ஒரு கொம்பு இருக்கும். மேலிருந்து விழுவதைக் குடை வாங்கி அந்தக் கொம்பில் குவிக்கும். அங்கிருந்து வயர் கீழே ரிசீவருக்கு வரும், ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம். கொம்பையும் ரிசீவரையும் மெட்ராஸில் வாங்கி, சட்டித் தயிரைக் கொண்டுவருவது போல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார்.

குடையை வீட்டுக்குப் பின்னால் தரையில் நட்டார். நான் வேண்டாம் என்றேன். நான் இடைசெவலில் மண்ணை உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவள். கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்கு வாய் பிளக்கும். வீட்டுச் சுவரையே விரியவைக்கிற மண்ணில் கம்பம் எப்படி அசையாமல் நிற்கும்? "கான்கிரீட் போட்டிருக்கேன்லா" என்றார். முதல் நாள் படம் வந்தது, வாஸ்தவம்தான். தொப்பி போட்ட ஒருவன் எதையோ படித்துக்கொண்டிருந்தான். ரஷ்யா என்றார் உன் அப்பா, ஏதோ அவனைத் தானே வரச்சொல்லியிருந்த மாதிரி. சித்திரை வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்தது. ரஷ்யாக்காரன் காணாமல் போனான். ரிசீவரைக் கழற்றினார், வயரை மாற்றினார், ரஷ்யாவில் ஏதோ கோளாறு என்றார். அது கண்ணுக்கே தெரியாத சாய்வு. தரையில் அரை விரல் சாய்ந்தால் வானத்தில் அது எங்கோ போய்விடும். ஐப்பசி மழையில் மண் ஊதி, கம்பம் மறுபக்கம் சாய்ந்து, தொப்பிக்காரன் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சீனாக்காரி பாடிக்கொண்டிருந்தாள். "உங்க கம்பம் மழைக்கு ஒரு சாமியையும் கோடைக்கு ஒரு சாமியையும் கும்பிடுது. டிவிக்காரன் எங்கன நிப்பான்?" என்றேன். அவருக்குக் கோபம். மறுவாரம் குடையைப் பிரித்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். கரிசலைத் தாண்டி அடிப்பாறை வரைக்கும் அஸ்திவாரம் தோண்டிய வீடு அது. அங்கே நின்றது.

நின்றது சரி, அதைத் திருப்புவது யார்? மில் எலெக்ட்ரீசியனுக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறி நின்றாலே கண்ணைக் கட்டும். மில்லில் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்டதில்லை. நம் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவரும் கிடையாது. அதனால் நான் ஏறினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையின் விளிம்பைப் பிடித்து மயிரிழை மயிரிழையாகத் திருப்புவேன். அவர் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து கத்துவார். "வருது... வருது... போச்சு. ஏட்டி, பின்னால, பின்னால." எல்லா வீட்டிலும் புருஷன் மேலே நிற்பான், பெண்டாட்டி கீழே நின்று கத்துவாள். நம் வீட்டில் தலைகீழ். அந்த ஒன்றையே தெருவால் செரிக்க முடியவில்லை. நம் ஊர் வானத்தில் சாட்டிலைட் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல்தான் நிற்கும், குடை மல்லாந்துதான் கிடக்கும். "மழைத்தண்ணி பிடிக்கதுக்கு வச்சிருக்கா, அதுலயும் ஓட்டை" என்று சிரித்தார்கள். ஒரு கேபிள் டிவிக்காரர் வந்து, புரியாத பாஷையைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று நிஜமான கவலையோடு கேட்டார். புரிகிற பாஷையில் எனக்கு யாரும் நல்லதாக எதுவும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ரஷ்ய சாட்டிலைட் பழசு. ஒரே இடத்தில் நிற்காது, ஒரு பகலுக்குள்ளேயே வடக்கும் தெற்குமாக அலையும். காலையில் பிடித்த படம் மத்தியானம் கலையும், மறுபடியும் ஏறித் திருப்ப வேண்டும். நம் டிவி கலர் டிவிதான், ஆனால் அவர்கள் அனுப்பிய கலர் வேறு விதம் என்பதால் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். படம் சரியாக மாட்டாவிட்டால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். அதை நாங்கள் பொரி என்போம். "பொரி விழுது" என்று கத்தினால் இன்னும் திருப்ப வேண்டும் என்று அர்த்தம். உன் அப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம். நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல், படம் வராமலே "வந்துட்டு, இறங்கு" என்று சொல்லிவிடுவார். நான் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தால் திரையில் பொரி கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் சண்டை பெரிதாகிவிட்டது. "எனக்காகப் பொய் சொல்லாதிய. வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. வெயில் என் தலையில அடிக்குது, உங்க தலையிலயா?" என்றேன். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மறுவாரத்திலிருந்து உண்மையைச் சொன்னார்.

நீ கல்யாணம் முடிக்கப்போகிறவன், அதனால் சொல்கிறேன். பெண்டாட்டி மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்லாதே. அவளைக் கேட்காமலே அவளுக்கு முடியாது என்று நீயே முடிவுகட்டிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதே. நானும் உன் அப்பாவும் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி இதற்குத்தான். மீதிக் கால்வாசி கருவாட்டுக்கு.

நீ ஓடியாடத் தொடங்கிய வயதில் அவர் போனார். மஞ்சள்காமாலை. மில்லிலிருந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். எழுதினால் நீ அழுவாய், அழுதுவிட்டு இந்தக் கடிதத்தின் மற்ற பகுதியை மறந்துவிடுவாய். கருமாதி முடிந்து சில நாள் கழித்து, மில்லில் கையெழுத்துப் போட உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்தால் மொட்டைமாடியில் பேச்சுச் சத்தம். உன்னோடே மேலே ஏறினேன். உன் பெரியப்பா பழைய இரும்பு வியாபாரியைக் கூட்டி வந்திருந்தார். வியாபாரி ஸ்பேனரோடு குடைக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தார்.

"என்ன அத்தான் நடக்குது?"

"இல்ல தாயி, இனிமே இது எதுக்கு? ஏறித் திருப்புததுக்கு ஆள் வேண்டாமா?"

"இதுவரைக்கும் நான்தான ஏறுனேன்."

"அது அப்போ."

அது அப்போ. இவ்வளவுதான் சொன்னார். உன் பெரியப்பா கெட்டவர் இல்லை. உன் காலேஜ் சேர்க்கைக்கு அலைந்தவர், உன் மேல் உயிர். அந்த ரெண்டு வார்த்தையில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கை அதே கை, கால் அதே கால், மாடி அதே மாடி. கழுத்தில் ஒரு கயிறு இல்லை, அதனால் போன மாதம் வரைக்கும் நான் செய்த வேலையை இந்த மாதம் செய்ய ஆள் இல்லை. கீழேயிருந்து உன் பெரியம்மா சொன்னது எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்: "தாலியறுத்தவ மொட்டைமாடியில நின்னா நாலு தெருவுக்குத் தெரியும்லா?"

"தெரியட்டும் அக்கா" என்று மேலேயிருந்தே சொன்னேன். உன்னை என் காலடியில் இறக்கிவிட்டு, குடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அண்ணாச்சி, இதை எடைக்குப் போட்டா என்னையும் சேர்த்துப் போடணும். அந்த அளவுக்குத் தராசு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று வியாபாரியிடம் கேட்டேன். பாவம், அவர் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, "உங்க பஞ்சாயத்த முடிச்சிட்டுச் சொல்லியனுப்புங்க. நான் பிழைக்க வந்தவன்" என்று படியிறங்கிவிட்டார். உன் பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பதில் பார்வை பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். குடை தப்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, கீழே நின்று கத்த ஆள் இல்லை. குடையைத் திருப்பிவிட்டு இறங்கி வந்து பார்த்தேன், திரும்ப ஏறினேன், திரும்ப இறங்கினேன். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது, கருமாதியில் வராதது. பக்கத்து வீட்டு வேலம்மா வாசலில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், நான் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுப் பசைக் கிண்ணத்தோடு உள்ளே வந்து டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் உன் அப்பா கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறதே. அவளிடம் இரக்கம் கிடையாது. "ஒண்ணும் வரல. பொரிதான் விழுது. சும்மா நிக்காம திருப்புளா" என்று கத்தினாள். அவள் போட்ட சத்தத்தில் அரை மணி நேரத்தில் படம் வந்தது. அவ்வளவு சுத்தமான படம் உன் அப்பா காலத்தில் வந்ததில்லை.

அப்புறம் அவளோடு பெட்டி ஒட்டுகிற இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஞாயிறு மத்தியானம் கட்டுக் கட்டாக அட்டையை மடியில் போட்டு, கை தன்னால் ஒட்டிக்கொண்டிருக்க, கண் ரஷ்யாவில் இருக்கும். என்ன பார்த்தோம்? பெரும்பாலும் யாராவது ஒருவன் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுவான். கோதுமை அறுப்பு. பனியில் வழுக்கி ஆடுகிற பெண்கள். ரொட்டிக் கடையில் வரிசை. வேலம்மா எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்வாள். ஒரு பெண் அழுதால், "மாமியார் ஏதோ சொல்லிப்புட்டா" என்பாள். கோட்டுக்காரன் பேசினால், "வட்டிக்கு விட்டவன், பேச்சைப் பாத்தா தெரியல?" என்பாள். ஒரு நாள் ஒரு கூட்டத்தைக் காட்டினார்கள். ஏதோ விழா. முன் வரிசையில் நிறையக் கிழவிகள், சட்டையில் பதக்கம் குத்தியிருந்தார்கள். சின்னப் பெண்கள் வந்து ஆளுக்கொரு பூங்கொத்துக் கொடுத்தார்கள். வேலம்மா பெட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"இதுல எவ புருஷன் உள்ளவ, எவ இல்லாதவ? எல்லாவ நெத்தியும் வெறும் நெத்தியா இருக்கு, எல்லாவ கழுத்தும் வெறும் கழுத்தா இருக்கு. கண்டுபிடிக்கவே முடியலையே."

யாரோ ஒருத்தி, "அப்ப அந்த ஊர்ல பூ யாருக்குக் குடுக்கணும், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுவாங்க?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். "எல்லாருக்கும் குடுத்துத் தொலைய வேண்டியதுதான், வேற வழி?" என்றாள் வேலம்மா. நான் சிரித்தேன். உன் அப்பா போன பிறகு அன்றுதான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அன்று சாயங்காலம் உன்னைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் எனக்கு நானே பூ வாங்கி வைத்துக்கொண்டேன். தெரு பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் நீளமான சரமாக வாங்கினேன்.

ரஷ்யாவைச் சொர்க்கம் என்று சொல்வதாக நினைக்காதே. அந்த ரொட்டி வரிசையில் நின்றவர்கள் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே பெண்களை வேறு எதைச் சொல்லி ஒதுக்கினார்களோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னை ஒதுக்கிவைக்கிற சட்டம் மழை வெயில் மாதிரி எல்லா ஊருக்கும் பொதுவானது இல்லை. இங்கே இருக்கிறவர்கள் செய்துவைத்தது. செய்துவைத்ததைப் பிரிக்கலாம். இதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்குப் பாஷை தெரியாத டிவி தேவைப்பட்டது. அந்தத் தைரியத்தில்தான் வேலம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனேன். முதலில் பேக்கிங், பிறகு சூப்பர்வைசர். நீ படித்தது அதில்தான். பிறகு படங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறின, நம் ரிசீவரில் பொரியைத் தவிர எதுவும் விழவில்லை. அதே இரும்பு வியாபாரியை நானே கூப்பிட்டுக் குடையை எடைக்குப் போட்டேன். ஒப்பாரி வைக்கவில்லை. உபயோகம் முடிந்தது, போயிற்று.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். உன்னோடு பேசிய மறுநாள் நான் கடம்பூருக்கு பஸ் ஏறினேன். நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். பெண் வீட்டார் பலசரக்குக் கடையை நான் பார்த்ததில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று போனதாக வைத்துக்கொள். நீ கட்டப்போகிற சங்கரி வீட்டில்தான் இருந்தாள், கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தட்டில் போளி கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, என்னை மேடையேற வேண்டாம் என்று நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். சண்டையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

சங்கரியின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "என்ன மதினி சொல்லுதிய? நாங்க எங்க சொன்னோம்? மாப்பிள்ளைதான் சொன்னாரு, எங்க அம்மா கூச்சப்படுவாங்க, எந்த விசேஷத்துலயும் முன்னால வரமாட்டாங்க, பெரியப்பாவே உக்காரட்டும்னு. சரி, அவியளைக் கட்டாயப்படுத்த வேண்டாம்னு நாங்களும் விட்டுட்டோம்."

அவர்கள் ஒன்றும் பெரிய புரட்சிக்காரர்கள் இல்லை. நீ அப்படிச் சொன்னது அவர்களுக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். சங்கரியின் அம்மா நான் கிளம்பும்வரைக்கும் போளித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சொன்னது அவர்கள் இல்லை. நீ. அவர்களிடம் என் பெயரைச் சொன்னாய், என்னிடம் அவர்கள் பெயரைச் சொன்னாய். நடுவில் நின்று இரண்டு பக்கமும் நல்லவனாகிவிட்டாய். உன் ஆபீஸ் மானேஜர் வருவார், சொந்தக்காரர்கள் வருவார்கள், யாரும் முகம் சுளிக்கக் கூடாது, யார் மனசும் நோகக் கூடாது என்று யோசித்திருப்பாய். நோகிற மனசுகளில் என்னுடையதைச் சேர்க்க விட்டுப்போயிற்று. நான் உன்னைத் திட்ட ஒரு கெட்ட வார்த்தையைத் தேடினேன். உன் பெரியப்பாவின் "அது அப்போ"வை விட மோசமானது கிடைக்கவில்லை. அவராவது என் முகத்துக்கு நேரே சொன்னார்.

சங்கரி என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட வந்தாள். "அத்தை, நான் அவங்ககிட்டப் பேசட்டா?" என்றாள்.

"வேண்டாம். நீ இப்பவே அவனுக்கும் வக்கீலாக வேண்டாம், எனக்கும் வக்கீலாக வேண்டாம். எங்க சண்டையை நாங்க போட்டுக்கிடுதோம்."

"அப்ப நான் பாக்கலாம்லா?"

"பாரு. முன் வரிசையில நல்லா சாஞ்சு உக்காந்து பாரு."

அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல பெண். அவளிடம் பொய் சொல்லிப் பிழைக்க உன்னால் முடியாது, அதில் எனக்கு நிம்மதி.

நான் எந்த விசேஷத்திலும் முன்னால் வருவதில்லை என்று நீ சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதையும் மறைக்க மாட்டேன். கல்யாணங்களில் தாலியைத் தட்டில் வைத்து, தேங்காயும் அட்சதையுமாக வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள், எல்லாரும் தொட்டுக் கும்பிடுவதற்கு. பார்த்திருப்பாய். என் வரிசையில் அது எப்படி வரும் என்று பார்த்திருக்கிறாயா? எனக்கு முன்னால் இருக்கிறவளிடம் வரும். பிறகு தட்டு வைத்திருப்பவளின் கை கொஞ்சம் உயரும், என் தலைக்கு மேலாகத் தாண்டி அடுத்தவளிடம் இறங்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். மடியில் கையை மடக்கி வைத்துக்கொள்வேன். மாடியேறவும் வேலைக்குப் போகவும் பூ வைக்கவும் சண்டை போட்டவள், அந்தத் தட்டுக்கு மட்டும் போடவில்லை. அடுத்தவர் கல்யாணம், அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். நீ சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாய். அம்மாவுக்குக் கூச்சம் என்று புரிந்துகொண்டாய். அது கூச்சம் இல்லைடா. கூச்சப்பட வேண்டியவர்கள் கூச்சப்படவில்லை, அவர்களுக்காக நான் பட்டேன்.

உன் கல்யாணம் அடுத்தவர் கல்யாணம் இல்லை. அதனால் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே. மேடையில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார வேண்டிய நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா உட்காருவாள். பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கட்டும், அதை யாரும் நிரப்ப வேண்டாம். பெரியப்பாவும் பெரியம்மாவும் பெரியப்பாவாகவும் பெரியம்மாவாகவும் வந்து வாழ்த்தட்டும், அந்த மரியாதையை நான் குறைக்க மாட்டேன், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். கத்தரிப்பூ நிறத்தில் பட்டு எடுத்துவிட்டேன். வேலம்மா முன் வரிசையில் இருப்பாள், அவளுக்கும் ஒரு சேலை எடுத்திருக்கிறேன். தாலித் தட்டு என் கையிலிருந்துதான் கிளம்பும். முதலில் நான் தொடுவேன். பிறகு நானே அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வரிசை வரிசையாகப் போவேன். புருஷன் இல்லாதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், மடியில் மடக்கிவைத்த கையைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொருத்தி முன்னாலும் நிற்பேன். அவள் தொடுகிறவரைக்கும் நகர மாட்டேன். முகூர்த்தம் தப்பினால் தப்பட்டும், ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

இது உனக்குச் சரிப்படாது என்றால், இந்தத் தடவை பெரியப்பாவை விட்டோ பெண் வீட்டாரை விட்டோ சொல்லாதே. மண்டபத்தில் மைக் இருக்கும். எழுந்து நின்று, வந்திருக்கிற எல்லார் முன்னாலும், "எங்க அம்மா இதைத் தொடக்கூடாது" என்று உன் வாயால் சொல்.

சொல்லிப் பார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்குகிறேனா என்று பார்ப்போம்.

அம்மா